ஏழையின் கட்டைவிரல் யாருக்குச் சொந்தம்?



தன் உடம்பின் மீது பிரஜைக்குப் பூரண உரிமை உண்டு என்பதை ஏற்க முடியாது என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டில் நின்று வாதாடியவர் யார் தெரியுமா? பண்ணையாரின் வக்கீலா? மில் முதலாளியின் வக்கீலா? இல்லை. இந்திய சர்க்காரின் அட்டர்னி ஜெனரல்! ஆதாருக்காக விரல் ரேகையைக் கேட்பது தவறா என்ற வழக்கில் வந்த வாதம் இது.

அதே ஆண்டில், ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து விசாரித்த இன்னொரு வழக்கில் வேறொரு பாட்டு பாடினார்கள். ஏழை நாட்டில் சோறும் கூரையும்தான் பிரதானம், அந்தரங்கம் என்பதெல்லாம் மேல்தட்டு மனிதர்களின் கவலை என்ற பொருளில் வாதம் வைத்தார்கள். அதாவது, மாளிகைக்குக் கதவு வேண்டும், பூட்டு வேண்டும், கூர்க்கா வேண்டும். குடிசைக்கு எதற்குக் கதவு என்கிறார்கள்!

1947-க்குப் பிறகு சோறும் கூரையும் கேட்டுப் போராடிய ஜனங்களுக்குத் தடியடியும் துப்பாக்கிச் சூடும் கொடுத்த வர்க்கம், அந்தரங்க உரிமை கேட்டால் மட்டும் "முதலில் சோறு" என்று நமக்காகக் கண்ணீர் வடிக்கிறது! சோற்றையும் கொடுக்கவில்லை, இப்போது விரலையும் கேட்கிறது.

அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமையே. ஏழைகளுக்குச் சோறு போதும், உரிமை வேண்டாம் என்ற வாதத்தையும் தீர்ப்பு நிராகரித்தது. ஆனால் கோர்ட்டில் தோற்ற வாதம் டீக்கடையில் தோற்கவில்லை. "நாம் என்ன கள்ளக்கடத்தலா செய்கிறோம்? நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் விரல் என் கையில்தானே இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தாலுகாவில் ஒரு விவசாயத் தொழிலாளி அம்மாள் சங்க ஆபீசுக்கு வந்தார். நடவுக் கூலியிலும் பென்ஷன் பணத்திலும் மிச்சம் பிடித்து, கூரை மாற்றுவதற்காக பேங்கில் போட்டு வைத்திருந்த பணத்தில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாயைக் காணோம். பேங்கில் போய்க் கேட்டால், "உங்கள் கைரேகை விழுந்திருக்கிறது. நீங்கள்தான் எடுத்திருக்கிறீர்கள்" என்று பதில். எந்த ஊரில் எடுத்தது என்று பார்த்தால், அந்த அம்மாள் ஆயுளில் கால் வைத்திராத ஒரு வட மாநிலத்து ஊர்!

அந்த அம்மாள் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "என் விரல் என் கையிலதானே தோழர் இருக்கு? அது எப்படி அங்க போச்சு?"

மானேஜரால் பதில் சொல்ல முடியவில்லை. மகஜர் மேல் மகஜர் கொடுத்து, கிளைத் தோழர்கள் பத்துப் பேர் பேங்க் வாசலில் உட்கார்ந்து, நான்கு மாதம் கழித்துத்தான் பணம் திரும்பி வந்தது. அதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. ஒழுகுகிற கூரையின் கீழ்தான் அதைக் கழித்தார்.

தோழர்களே, "மறைக்க என்ன இருக்கிறது" என்று கேட்பவர்களுக்கு அந்த அம்மாளின் கூரைதான் பதில். அந்தரங்கம் என்பது வெட்கப்பட்டு மறைக்கும் சங்கதி அல்ல. நம் கூலி, நம் ரேஷன், நம் பென்ஷன் இவற்றின் சாவி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அது.

அந்த விரல் எப்படி அங்கே போயிற்று?

நம் விரல் நுனியைப் பாருங்கள். வயலில் வரப்பும் வாய்க்காலும் போல மேடும் பள்ளமும் ஓடுகின்றன. எந்த வரப்பு எங்கே முடிகிறது, எது எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதை மிஷின் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை விரல் வைக்கும்போது அந்தப் புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, "இவர்தான் அவர்" என்கிறது. அவ்வளவுதான் சங்கதி. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

அந்த மேடு பள்ளத்தை அச்செடுத்து, ரப்பரிலோ சிலிக்கானிலோ வார்த்து வைத்தால்? பல மிஷின்கள் ஏமாந்துபோயின! 2018-ல் தெலங்கானாவில் சிம் கார்டு வியாபாரம் செய்த ஓர் ஆசாமி பிடிபட்டான். பத்திரப் பதிவு இலாகாவின் இணையதளத்தில் நிலப் பத்திரங்கள் கைரேகையோடும் ஆதார் எண்ணோடும் கிடந்தன. அவற்றை எடுத்து ரப்பர் அச்சு வார்த்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை ஊரார் பெயரில் உயிர்ப்பித்திருக்கிறான். பிறகு பல மாநிலங்களில் இதே வித்தையைச் செய்து பேங்க் கணக்குகளைச் சுரண்டினார்கள்.

"மத்திய களஞ்சியத்திலிருந்து ஒரு ரேகைகூட வெளியே போகவில்லை" என்று ஆதார் ஆணையம் மார்தட்டுகிறது. போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கஜானாவை உடைக்க வேண்டிய அவசியம் திருடனுக்கு ஏன் வரவேண்டும்? சாவியின் அச்சுத்தான் ஊரெல்லாம் கிடக்கிறதே! பத்திரத்தில் ரேகை, சிம் கடையில் ரேகை, கடன் கம்பெனியில் ரேகை, மில் வாசலில் ரேகை! எண்ணும் பெயரும் விலாசமும் எப்படி விலை போயின என்பதை 2018 ஜனவரியில் "தி டிரிபியூன்" பத்திரிகை அம்பலப்படுத்தியது. ஐந்நூறு ரூபாய் கொடுத்து, சில நிமிஷங்களில் ஆதார் விவரங்களைப் பார்க்கும் வழியை அதன் நிருபர் வாங்கிக் காட்டினார். சர்க்கார் என்ன செய்தது? ஆணையத்தின் புகாரில் நிருபரின் பெயரும் ஏறியது! வீடு எரிகிறது என்று கத்தியவன் மீதே வழக்கு!

2023-ல் ஆணையமே ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. ரேகைப் புள்ளிகளோடு விரலின் உருவத்தையும் சேர்த்துச் சோதித்து, வைத்திருப்பது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் முறை. நல்லது, வரட்டும். ஆனால் அதற்கு முன் உயிரில்லாத விரலும் பணம் எடுத்தது என்பதைத்தானே இது ஊர்ஜிதம் செய்கிறது?

பணக்காரனுக்கு மூன்று பூட்டு, ஏழைக்கு ஒற்றைப் பூட்டு

காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். முதல் பாடமாகவே இதைச் சொல்வார்கள். ஒருவனை அடையாளம் காண வழிகள் மூன்று. அவன் மனதில் வைத்திருக்கும் ரகசியச் சொல் ஒன்று. அவன் கையில் வைத்திருக்கும் கார்டோ போனோ இரண்டாவது. அவன் உடம்பின் ரேகையோ கண்ணோ மூன்றாவது. இவற்றில் இரண்டையாவது சேர்த்துக் கேட்டால்தான் பூட்டு உறுதி.

பட்டணத்துப் பணக்காரன் இணையத்தில் பணம் அனுப்பும்போது ரகசியச் சொல், பிறகு போனுக்கு வரும் ஒருமுறை எண், இன்னும் என்னென்னவோ கேட்கிறார்கள். நம் கிராமத்துக்கு வரும் பேங்க் முகவரின் கைநாட்டு மிஷினில் என்ன கேட்கிறார்கள்? எந்த பேங்க், ஆதார் எண் என்ன, விரலை வை! முடிந்தது. ரகசியச் சொல் கிடையாது. ஒருமுறை எண் கிடையாது. ஆதார் எண்தான் ஊரெல்லாம் ஜெராக்ஸ் கடையில் கிடக்கிறதே! ஆக, மிச்சமிருப்பது ஒற்றை விரல்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ரகசியச் சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். கார்டு தொலைந்தால் புதிது வாங்கலாம். விரல் ரேகை திருடு போனால்? கடவுள் கொடுத்தது என்று சொல்பவர்களும் சரி, இயற்கை கொடுத்தது என்று சொல்லும் நாமும் சரி, பத்துக்கு மேல் கணக்குக் காட்ட முடியாது!

தேய்ந்த விரலுக்குத் தண்டனை

திருடனுக்குத் திறக்கும் பூட்டு, சொந்தக்காரனுக்குத் திறப்பதில்லை என்பது அடுத்த அநியாயம். நாற்று நட்ட விரல், சேற்றில் ஊறிய விரல், நூல் அறுந்து அறுந்து முடிச்சுப் போட்ட விரல், சிமெண்டும் சுண்ணாம்பும் தின்ற விரல்! இதில் வரப்பு ஏது, வாய்க்கால் ஏது? உழைத்து உழைத்து ரேகை தேய்ந்திருக்கிறது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவன் விரல் மிஷினில் பளிச்சென்று விழும். உழைப்பாளியின் விரலுக்கு மிஷின் சிவப்பு விளக்குக் காட்டும்.

2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி மாண்டாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று ரேஷன் கார்டை ரத்து செய்துவிட்டார்கள், மாதக்கணக்கில் அரிசி இல்லை, பசியால் குழந்தை செத்தாள் என்று குடும்பத்தார் கதறினார்கள். மலேரியா என்றது மாநில சர்க்கார். கார்டு ரத்தானதை அந்த சர்க்காராலும் மறுக்க முடியவில்லை. அடுத்த மாதமே, ஆதார் சரிபார்ப்பு இல்லை என்பதற்காக ரேஷனை மறுக்கக் கூடாது என்று டெல்லியிலிருந்து உத்தரவு பறந்தது. குழந்தை போன பிறகு உத்தரவு!

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு 2020 அக்டோபரில் கைரேகை மிஷின் வந்தது. 2024 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக் கூலிக்கும் ஆதார் வழிப் பட்டுவாடாவைக் கட்டாயமாக்கினார்கள். போலிகளை ஒழித்தோம் என்பது அவர்களுடைய பதில். ஒருவர் பெயரில் மற்றொருவர் வாங்குவதை மிஷின் தடுக்கலாம். இருபது கிலோ என்று பதிந்துவிட்டுப் பதினேழு கிலோ போட்டால் மிஷின் என்ன செய்யும்? எடைக்கல்லில் நடக்கும் திருட்டுக்கு விரலைச் சோதிப்பது எந்த ஊர் நியாயம்?

ரேகையின் பிறப்பே அச்சுறுத்தலில்தான்

இந்தச் சங்கதியின் பூர்வோத்திரத்தைப் பாருங்கள். 1858-ல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் இருந்த வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ரஸ்தாவுக்கு ஜல்லி கொடுக்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மை தடவி ஒப்பந்தத்தின் பின்புறம் பதித்தான். கையெழுத்தை மறுக்கும் எண்ணமே வராதபடி மிரட்டத்தான் அப்படிச் செய்தேன் என்று அவனே பிற்பாடு எழுதி வைத்தான். 1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பதிவு அலுவலகம் வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டமோ 1871-லேயே வந்திருந்தது. ஒரு ஜாதியில் பிறந்த குற்றத்துக்காக ஆயிரக்கணக்கான ஜனங்களின் பத்து விரலையும் பதித்தார்கள்.

நம் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1920 ஏப்ரல் 3-ம் தேதி மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று கிராமமே திரண்டு நின்றது. வெள்ளையன் போலீஸ் சுட்டது. 16 பேர் மாண்டார்கள். மாயக்காள் என்ற வீரப்பெண்ணும் அவர்களில் ஒருவர். நம் தாத்தாக்கள் அதை "ரேகைச் சட்டம்" என்றே சொல்லி வெறுத்தார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது.

கடல் கடந்தும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் சர்க்கார் 1907-ல் இந்தியர்களிடம் பத்து விரல் ரேகை கேட்டது. தம்பி நாயுடு முதலிய தமிழர்கள் காந்தியோடு சிறை சென்றார்கள். "நீங்களாக முன்வந்து பதிந்தால் சட்டத்தை ரத்து செய்வோம்" என்று சமரசம் பேசிய சர்க்கார், வாக்கைக் காப்பாற்றவில்லை என்று குற்றம் சாட்டி, 1908 ஆகஸ்ட் 16-ல் ஜோகன்னஸ்பர்க் மசூதி மைதானத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள்.

"இஷ்டப்பட்டால் கொடு" என்று ஆரம்பித்துக் கட்டாயமாக்குவது புதிய தந்திரம் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் டெம்ப்ளி கிராமத்தில் முதல் ஆதார் எண்ணைக் கொடுத்தபோதும் "இஷ்டப்பட்டவர்களுக்கு மட்டும்" என்றுதான் சொன்னார்கள்!

சட்டம் யார் பக்கம்?

2018 செப்டம்பர் 26-ல் ஐந்து நீதிபதிகளில் நால்வர் ஆதார் சட்டம் செல்லும் என்றார்கள். ஆனாலும் தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட 57-வது பிரிவை வெட்டி எறிந்தார்கள். கம்பெனிகள் துடித்தன. 2019-ல் சட்டத்தைத் திருத்தி பேங்குக்கும் போன் கம்பெனிக்கும் வாசலைத் திறந்தார்கள். 2025 ஜனவரியில் விதியைத் திருத்தி மற்றத் தனியாருக்கும் சந்து விட்டார்கள். முன்வாசலில் கோர்ட் அடைத்ததைப் புழக்கடையில் சர்க்கார் திறந்துவிட்டது!

2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நிறைவேற்றினார்கள். அதற்கு விதிகள் எழுதவே 2025 நவம்பர் ஆயிற்று. பெயர் பாதுகாப்பு, உள்ளே என்ன? சர்க்கார் தன் இலாகாக்களுக்கு விலக்கு அளித்துக்கொள்ளலாம். வேலை சம்பந்தமான காரியங்களுக்கும், தனக்கு நஷ்டம் வராமல் காத்துக்கொள்ளவும் முதலாளி தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே விவரங்களைப் பயன்படுத்தலாம். மில் தோழர்களே, இதை இரண்டு முறை படியுங்கள்! வாசலில் ரேகை வைக்கச் சொல்லும் மிஷினை மனதில் வைத்துப் படியுங்கள்!

அலட்சியமாக இருந்து விவரங்களைப் பறிகொடுக்கும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று தம்பட்டம் அடித்தார்கள். அந்த அபராதம் யாருக்குப் போகும்? சர்க்கார் கஜானாவுக்கு. பறிகொடுத்த ஏழைக்கு? ஒரு காசு கிடையாது. நஷ்டஈடு கேட்க முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஏ என்று ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். அதை நீக்குவதற்கும் இந்தப் புதுச் சட்டத்திலேயே வரி எழுதிவிட்டார்கள்!

நாங்கள் மிஷினுக்கு விரோதிகளா?

"கம்யூனிஸ்டுகள் எதையும் எதிர்ப்பவர்கள், விஞ்ஞானத்துக்கு விரோதிகள்" என்று கூக்குரல் கிளம்பும். மிஷினை ஓட்டி உலகுக்குத் துணி நெய்து கொடுப்பது நம் தோழர்கள்தான். மிஷினை வெறுப்பது நம் வேலை அல்ல. மிஷின் யார் கையில், யாருக்காக, யாருக்குக் கணக்குச் சொல்லி ஓடுகிறது என்பதே நம் கேள்வி. சர்க்காரின் கணக்கு ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். இங்கே தலைகீழாக, ஜனங்களின் விரலெல்லாம் சர்க்காருக்குத் தெரிகிறது. சர்க்காரின் கணக்கு மட்டும் ரகசியம். அந்த 2023-ம் ஆண்டுச் சட்டத்தைச் சாக்கிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் திருத்தி, தனிநபர் தகவல் என்ற பெயரில் விஷயங்களை மறைக்க அதிகாரிகளுக்கு வசதி செய்துகொடுத்திருக்கிறார்கள்!

உடனே செய்ய வேண்டியவை

போராட்டம் ஒருபுறம் இருக்க, நம் வீட்டுக் கதவை நாமே தாழிட வேண்டாமா?

ஒன்று: ஆதார் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. எம்-ஆதார் செயலியிலும் ஆணையத்தின் இணையதளத்திலும் செய்யலாம். பூட்டினால் கைநாட்டு மிஷினில் எவனும் உங்கள் பெயரில் பணம் எடுக்க முடியாது. ரேஷன் வாங்கப் போகிறவர் மட்டும் அந்த நேரத்துக்குத் திறந்துகொள்ளலாம். மற்றக் குடும்பத்தார் பூட்டியே வைக்கலாம். போன் பழகாதவர்களுக்காக, காலேஜில் படிக்கும் நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கிளை ஆபீசில் உட்கார்ந்து இதைச் செய்துகொடுக்க வேண்டும். அவர்கள் படித்த படிப்புக்கு இதைவிட நல்ல பரீட்சை வேறில்லை.

இரண்டு: கண்ட இடத்தில் விரல் வைக்காதீர்கள். "ரேகை விழவில்லை, இன்னொரு முறை வையுங்கள்" என்றால், முதல் முறை பணம் போகவில்லை என்பதற்குச் சீட்டுக் கேளுங்கள். பாஸ்புத்தகத்தை மாதம் ஒரு முறையாவது பதிந்து பாருங்கள்.

மூன்று: ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும்போது எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்பதைக் குறுக்கே எழுதுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் போதுமான இடத்தில் அதையே கொடுங்கள்.

நான்கு: போனில் வரும் ஒருமுறை எண்ணைப் பெற்ற பிள்ளை கேட்டாலும் சொல்லாதீர்கள். பேங்க் மானேஜர் என்று பேசுகிறவன் கேட்டால், அவன் திருடன் என்று அப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்து: பணம் போனால் அழுதுகொண்டு வீட்டில் உட்காராதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மூன்று வேலை நாட்களுக்குள் பேங்கில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, தேதியிட்ட ரசீது வாங்குங்கள். உங்கள் மீது தவறில்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடியை இந்தக் கெடுவுக்குள் தெரிவித்தால் நஷ்டம் உங்களைச் சேராது என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. அதை எடுத்துக் காட்டி வாதாடுங்கள். தனியாகப் போகாதீர்கள், சங்கத் தோழரோடு போங்கள்.

நமது கோரிக்கைகள்

தாழ்ப்பாள் போட்டுவிட்டால் மட்டும் திருட்டு ராஜ்யம் ஒழிந்துவிடாது. ரேஷன், கூலி, பென்ஷன் எதற்கும் ரேகை ஒன்றே வழி என்பதை ஒழிக்க வேண்டும். ரேகை விழாதவருக்கு அதே இடத்தில், அதே நேரத்தில் கையெழுத்துப் பெற்றுப் பொருள் கொடுக்க வேண்டும். ஏழையின் கணக்குக்கும் இரண்டாவது பூட்டு வேண்டும். தானாகக் கேட்காத எவருடைய கணக்கிலும் கைநாட்டு வழியாகப் பணம் எடுக்க அனுமதி இருக்கக் கூடாது. ரேகை விழுந்தது என்ற ஒரே காரணத்தைக் காட்டி ஏழையைக் குற்றவாளியாக்கக் கூடாது. எடுத்தது அவர்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு பேங்கின் மீது இருக்க வேண்டும். பறிகொடுத்தவருக்கு நஷ்டஈடு சட்டத்தில் வேண்டும். மில்லில் ரேகை வாங்கும் முதலாளி, அதை எங்கே வைத்திருக்கிறான், யாருக்குக் கொடுத்தான், தொழிலாளி வேலையை விட்ட பின் அழித்தானா என்று சங்கத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

"கைநாட்டு" என்று சொல்லித்தான் இத்தனை காலமும் நம்மை ஏளனம் செய்தார்கள். லேவாதேவிக்காரன் வெற்றுத் தாளில் நம் கைநாட்டை வாங்கி நிலத்தை எழுதிக்கொண்டான். பண்ணையார் வாங்கித் தலைமுறையையே அடிமையாக்கினான். இன்று அதே கைநாட்டைக் கண்ணாடி மிஷினில் வாங்குகிறார்கள். தாள் மாறியிருக்கிறது, தாளில் என்ன எழுதப்போகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விரலைக் கேட்கும் வழக்கம் மாறவில்லை.

வெற்றுத் தாளில் இனிக் கைநாட்டு வைக்க மாட்டோம் என்று பெருங்காமநல்லூர் ஜனங்கள் சொன்னதை, மில் வாசலிலும் வயல் வரப்பிலும் நாம் சொல்லுவோம். இந்த விரல்கள் உழைத்த விரல்கள். இவை நமக்கே சொந்தம். பத்து விரலையும் தனித்தனியாகப் பதியக் கேட்கிறார்கள். நாம் அவற்றை ஒன்றாக மடக்கிக் காட்டுவோம்!